தூதரக வாசலில் வைக்கப்படும் பொருட்களும் அவற்றை அகற்றும் அதிகாரமும்

வெளிநாட்டுத் தூதரகம் ஒன்றின் வாசலுக்கு எதிரே பொதுமக்கள் கொண்டுவந்து வைக்கும் பொருட்களை அகற்றும் அதிகாரம் யாருக்கு உண்டு, அந்த அதிகாரத்தின் எல்லை யாது என்ற கேள்வி, முதற்பார்வையில் சட்ட வல்லுநர்களுக்கும் இராஜதந்திரிகளுக்கும் மட்டுமே உரிய நுணுக்கமான விடயமாகத் தோன்றக்கூடும். நானுஓயாவின் தேயிலை மலைகளில் கொழுந்து பறிக்கும் தொழிலாளிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று எவரேனும் வினவினால் அதில் வியப்பில்லை. ஆயினும் சற்று ஆழ்ந்து நோக்கின், தூதரகம் என்ற சொல்லின் கனத்தை மலையக மக்கள் அளவுக்கு அனுபவித்து அறிந்த சமூகங்கள் இந்நாட்டில் அரிது என்பது புலனாகும்.

1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், அவர்களில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1 இலட்சத்து 50 ஆயிரம் பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். கண்டியிலுள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயத்தின் வாசலில் கடவுச்சீட்டுக்காகக் காத்து நின்ற வரிசைகளும், நானுஓயா போன்ற மலைநாட்டுப் புகையிரத நிலையங்களில் மூட்டை முடிச்சுகளுடன் உறவுகளைப் பிரிந்த குடும்பங்களும், மக்கள் வழக்கில் 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர்பெற்ற அந்தப் புகையிரதப் பயணங்களும் அக்கால வரலாற்றின் சாட்சியங்கள். ஒரு முழுச் சமூகத்தின் தலைவிதி இரண்டு அரசாங்கங்களுக்கிடையில் எழுதப்பட்டபோது, அச்சமூகம் தன் குரலைக் கேட்கச் செய்வதற்கு அணுகக்கூடியதாக இருந்த இடங்களில் தூதரக வாசலும் ஒன்று.

அந்தக் காலம் கடந்துவிட்டது. ஆனால் தேவை கடந்துவிடவில்லை. இன்று மலையகத்திலிருந்தும் கிழக்கிலிருந்தும் தமிழ், முஸ்லிம் பெண்கள் வீட்டுப் பணிக்காக மத்திய கிழக்கு நாடுகளுக்குச் செல்கின்றனர். மூதூரைச் சேர்ந்த இளம்பெண்ணொருவருக்கு 2013 ஜனவரி 9ஆம் திகதி சவூதி அரேபியாவில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டபோது நாடே அதிர்ந்தது. பாலஸ்தீன மக்களின் துயரத்தின்போதும் இந்நாட்டு மக்கள் கொழும்பிலுள்ள தூதரகங்களை நோக்கிச் செல்வதைக் காண்கிறோம். அவ்வாறு செல்வோர் வெறுங்கையுடன் செல்வதில்லை. ஒரு புகைப்படம், ஒரு பதாகை, எரியும் மெழுகுவர்த்தி, வெள்ளைத் துணி, சில சமயம் ஒரு வெற்றுப் பெட்டி ஆகியவற்றைக் கொண்டுசெல்கின்றனர். பேச்சு காற்றோடு போய்விடும். வைத்துவிட்டு வந்த பொருளோ மறுநாளும் அங்கிருந்து பேசும். ஆகவேதான் அதனை வைப்பவர்களுக்கு அது முக்கியமாகிறது. அகற்ற விரும்புபவர்களுக்கும் அதே காரணத்தினாலேயே அது முக்கியமாகிறது.

சர்வதேச சட்டம் இது தொடர்பாக என்ன கூறுகிறது என்பதை முதலில் நோக்குவோம். 1961ஆம் ஆண்டின் இராஜதந்திர உறவுகள் பற்றிய வியன்னா சமவாயத்தின் 22ஆம் உறுப்புரை, தூதரக வளாகம் மீறப்படக்கூடாதது என்கிறது. அத்துடன் வளாகத்தை ஊடுருவலிலிருந்தும் சேதத்திலிருந்தும் பாதுகாப்பதற்கும், தூதரகத்தின் அமைதி குலைவதையோ அதன் கண்ணியம் பாதிக்கப்படுவதையோ தடுப்பதற்கும் தகுந்த நடவடிக்கைகள் அனைத்தையும் எடுக்கும் விசேட கடமையை வரவேற்கும் நாட்டின்மீது அது சுமத்துகிறது. இலங்கையில் 1996ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க இராஜதந்திரச் சிறப்புரிமைகள் சட்டத்தின் மூலம் இச்சமவாயத்துக்குச் சட்ட வலு அளிக்கப்பட்டுள்ளது.

இங்கு இரண்டு விடயங்களை மனங்கொள்ள வேண்டும். தூதரகம் இருக்கும் நிலம் வேற்று நாட்டின் மண் என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. அந்நிலம் வரவேற்கும் நாட்டின் மண்ணே. அதற்கு விசேட பாதுகாப்பு மட்டுமே உண்டு. மதிலுக்கு வெளியேயுள்ள நடைபாதையோ முற்றிலும் நம்முடைய வீதி. அங்கு செல்லுபடியாவது நம்முடைய அரசியலமைப்பு. இரண்டாவது, சேதம், ஊடுருவல் என்பன கண்ணால் காணக்கூடியவை. 'கண்ணியம்' என்பது அவ்வாறானதல்ல. ஓர் அரசாங்கம் தனக்கெதிரான எந்தக் கண்டனத்தையும் கண்ணியக் குறைவாகவே கருதும். எனவே கண்ணியம் என்ற சொல்லின் பொருளை யார் தீர்மானிப்பது என்பதிலேயே இப்பிரச்சினையின் உயிர்நாடி தங்கியுள்ளது.

இதனை நேரடியாக எதிர்கொண்ட வழக்கு அவுஸ்திரேலியாவில் எழுந்தது. 1991 நவம்பர் 12ஆம் திகதி, அப்போது இந்தோனேசியாவின் ஆட்சியிலிருந்த கிழக்குத் தீமோரின் தலைநகர் டிலியில், சாந்தா குரூஸ் மயானத்தில் கூடிய மக்கள்மீது இந்தோனேசியப் படையினர் துப்பாக்கிச் சூடு நடத்தினர். 200க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. அவுஸ்திரேலியாவில் வாழ்ந்த தீமோர் மக்கள், கன்பராவிலுள்ள இந்தோனேசியத் தூதரகத்துக்கு வெளியே பொது நிலத்தில் 124 வெண்சிலுவைகளை நாட்டினர். அவை எவருடைய வழியையும் மறிக்கவில்லை. இறந்தோரை நினைவூட்டி மௌனமாக நின்றன.

அந்த மௌனமே தூதரகத்துக்கு உறுத்தலாயிற்று. 1992 ஜனவரியில் அவுஸ்திரேலிய அரசாங்கம் அவசரமாக ஒரு புதிய ஒழுங்குவிதியை இயற்றியது. தூதரகத்துக்கு அருகே வைக்கப்பட்ட பொருளொன்றை அகற்றுவது வியன்னா சமவாயத்தின் கடமையை நிறைவேற்றத் தகுந்த நடவடிக்கை என்று வெளிவிவகார அமைச்சர் எழுத்தில் சான்றளித்தால், பொலிஸார் அதனை அகற்றலாம் என்பதே அதன் சாராம்சம். வெளிவிவகார அமைச்சர் கரத் எவன்ஸ் சான்றளித்தார், சிலுவைகள் அகற்றப்பட்டன. பாதிக்கப்பட்டோர் நீதிமன்றம் சென்றனர். சமஷ்டி நீதிமன்றத்தின் தனி நீதிபதி அந்த ஒழுங்குவிதி செல்லாது என்று தீர்ப்பளித்தார். மேன்முறையீட்டை விசாரித்த மூன்று நீதிபதிகளில் இருவர் அது செல்லுபடியாகும் என்றும், ஒருவர் அதற்கு மாறாகவும் முடிவு செய்தனர். அரசாங்கம் வென்றது.

ஆயினும் பெரும்பான்மைத் தீர்ப்பளித்தவர்களில் ஒருவரும் பிற்காலத்தில் அந்நாட்டின் பிரதம நீதியரசராகப் பதவி வகித்தவருமான ரொபர்ட் ஃபிரெஞ்ச், ஒரு முக்கியமான வேறுபாட்டைச் சுட்டிக்காட்டினார். தூதரகத்தின் கண்ணெதிரே அந்நாட்டுக் கொடியை எரிப்பதும், அந்நாட்டுத் தலைவரின் உருவப்பொம்மைக்கு மரண தண்டனை விதிப்பதுபோல் நடிப்பதும் கண்ணியத்தின்மீதான தாக்குதலாகக் கொள்ளப்படலாம். ஆனால் பொது நிலத்தில் சட்டப்படி வைக்கப்பட்டு, எவருக்கும் தீங்கு செய்யாமல், தன் பொருளால் மட்டுமே கண்டிக்கின்ற கண்ணியமான ஒரு சின்னம் அவ்வாறு கொள்ளப்படுவது அரிது என்பதே அவரது கருத்தின் சாரம். அவமதிப்பு வேறு, கண்டனம் வேறு என்ற இந்தப் பாகுபாடு, வழக்கில் தோற்றவர்களுக்கும் கிடைத்த ஒரு பயன் எனலாம்.

இவ்வழக்கு இலங்கையருக்கு இன்னொரு வகையிலும் நெருக்கமானது. சான்றளித்த அதே கரத் எவன்ஸ், 2007 ஜூலையில் கொழும்பில் நீலன் திருச்செல்வம் நினைவுப் பேருரையை நிகழ்த்தி, தன் மக்களைப் பாதுகாக்கத் தவறும் அரசின் இறைமைக்கு எல்லையுண்டு என்று வாதிட்டவர். கிழக்குத் தீமோரோ 1999 ஓகஸ்ட் 30ஆம் திகதி நடைபெற்ற வாக்கெடுப்பின் பின்னர் 2002 மே 20ஆம் திகதி சுதந்திர நாடாயிற்று. அகற்றப்பட்ட சிலுவைகள் சொன்ன செய்தியை வரலாறு பத்தாண்டுகளில் ஏற்றுக்கொண்டது. சங்கடம் தரும் பொருளை அகற்றலாம். அது சுட்டிய உண்மையை அகற்ற முடியாது என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் தேவையில்லை.

ஏனைய நாடுகளின் அனுபவமும் நோக்கத்தக்கது. அமெரிக்கத் தலைநகர் வொஷிங்டனில், தூதரகத்திலிருந்து 500 அடிக்குள் அந்நாட்டு அரசாங்கத்தை இழிவுக்குள்ளாக்கும் பதாகைகளை வைத்திருப்பதைத் தடைசெய்யும் சட்டமொன்று 1938 முதல் இருந்தது. 1988இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. பதாகையின் கருத்து தூதருக்கு மனவருத்தம் தரும் என்பது அதனைத் தடுக்கப் போதுமான காரணமல்ல என்பதே தீர்ப்பின் அடிப்படை. அதேவேளை, தூதரகத்தின் பாதுகாப்புக்கோ அமைதிக்கோ அச்சுறுத்தல் உண்டென நியாயமாகக் கருத இடமிருப்பின் கூட்டத்தைக் கலைக்கும் பொலிஸ் அதிகாரத்தை அந்நீதிமன்றம் விட்டுவைத்தது.

தென்கொரியாவின் சியோல் நகரில், இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியப் படையினரின் பாலியல் அடிமைத்தனத்துக்கு உள்ளாக்கப்பட்ட பெண்களின் நினைவாக, 2011 டிசம்பர் 14ஆம் திகதி ஜப்பானியத் தூதரகத்துக்கு எதிரே ஒரு சிறுமியின் வெண்கலச் சிலை வைக்கப்பட்டது. கதிரையில் அமர்ந்து தூதரகத்தை நோக்கும் சிலை அது. கண்ணியக் குறைவு என்று ஜப்பான் தொடர்ந்து ஆட்சேபித்தது. 2016 டிசம்பரில் பூசான் நகரின் ஜப்பானியத் துணைத் தூதரகத்துக்கு முன்னால் இன்னொரு சிலை வைக்கப்பட்டபோது, உள்ளூர் அதிகாரிகள் அதனை முதலில் அகற்றினர். மக்களின் சீற்றத்தைக் கண்டு ஓரிரு நாட்களில் அதை மீண்டும் வைக்க அனுமதித்தனர். மறுமாதம் ஜப்பான் தன் தூதுவரைத் தற்காலிகமாகத் திருப்பி அழைத்துக்கொண்டது. கதிரையில் அமர்ந்த ஒரு சிறுமியின் சிலைக்கு இரு நாடுகளின் உறவை அசைக்கும் வலிமை இருந்தது.

சில வேளைகளில் பொருளை வைப்பதும் அரசே, அகற்றுவதும் அரசே. சவூதி ஊடகவியலாளர் ஜமால் கஷோகி 2018 ஒக்டோபர் 2ஆம் திகதி இஸ்தான்புல்லிலுள்ள சவூதி துணைத் தூதரகத்துக்குள் கொல்லப்பட்டார். 2022 ஜூனில் வொஷிங்டன் நகர நிர்வாகம் சவூதித் தூதரகத்துக்கு முன்னாலுள்ள வீதிக்கு அவரது பெயர்ப் பலகையை நாட்டியது. மறுபுறம், இந்தியத் துணைத் தூதரக அதிகாரி தேவயானி கோப்ரகடே 2013 டிசம்பரில் நியூயோர்க்கில் கைதுசெய்யப்பட்டதும், புதுடில்லியில் அமெரிக்கத் தூதரகத்துக்கு வெளியேயிருந்த கொங்கிறீட் தடுப்புகளை டில்லிப் பொலிஸார் அகற்றினர். 2023 மார்ச்சில் லண்டன் இந்திய உயர்ஸ்தானிகராலயத்தில் இந்தியக் கொடி இழுத்துக் கீழிறக்கப்பட்ட சில தினங்களில், டில்லி பிரித்தானிய உயர்ஸ்தானிகராலயத்துக்கு வெளியேயிருந்த தடுப்புகளுக்கும் அதே கதி நேர்ந்தது. தூதரக வாசலிலிருந்து எதை அகற்றுவது என்பதில் சட்டத்தைவிட அரசியலே பல தடவைகள் முந்திக்கொள்கிறது என்பதை இவை காட்டுகின்றன.

இனி இலங்கைக்கு வருவோம். தூதரகத்தை அண்டிய பொருட்களைக் குறித்து அரசுக்கு நியாயமான அச்சம் இருக்கக்கூடாது என்று எவரும் வாதிட முடியாது. 2006 ஓகஸ்ட் 14ஆம் திகதி கொள்ளுப்பிட்டியில் பாகிஸ்தான் உயர்ஸ்தானிகரின் வாகனத் தொடரணியை இலக்குவைத்து, வீதியோரம் நின்ற முச்சக்கர வண்டியொன்றில் பொருத்தப்பட்ட கிளைமோர் குண்டு வெடித்ததில் 7 பேர் உயிரிழந்தனர். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களில், தோளில் தொங்கிய பைகளே தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் மரணத்தை விதைத்தன. உரிமையாளர் அறியப்படாத ஒரு பெட்டி தூதரக மதிலோரம் கிடந்தால் அதனை உடனே அப்புறப்படுத்துவது பொலிஸாரின் கடமையேயன்றி அடக்குமுறையன்று. அங்கு பணிபுரிவோரும், விசாவுக்காக வரிசையில் நிற்கும் நம்மவர்களும் உயிர் பிழைத்து வீடு திரும்ப வேண்டும். எனவே அகற்றும் அதிகாரமே கூடாது என்பது நமது வாதமன்று. அது யார்மீது, எப்படிப் பிரயோகிக்கப்படுகிறது என்பதே கேள்வி.

இதற்கு 2010 ஜூலையைவிட உரைகல் வேறு இல்லை. போரின் இறுதிக்கட்டம் தொடர்பில் ஆலோசனை கூற ஐக்கிய நாடுகள் சபைச் செயலாளர் நாயகம் பான் கீ மூன் மூவர் கொண்ட நிபுணர் குழுவை நியமித்ததை எதிர்த்து, அன்றைய அமைச்சர் விமல் வீரவன்சவின் தலைமையில் ஜூலை 6ஆம் திகதி கொழும்பு பௌத்தாலோக மாவத்தையிலுள்ள ஐ.நா. வளாகம் முற்றுகையிடப்பட்டது. ஊழியர்கள் உள்ளே சிக்குண்டனர். 8ஆம் திகதி அமைச்சர் அங்கு அமைத்த மேடையில் சாகும்வரை உண்ணாவிரதத்தை ஆரம்பித்தார். ஐ.நா.வின் வதிவிடப் பிரதிநிதி நியூயோர்க்குக்கு அழைக்கப்பட்டார், கொழும்பிலிருந்த ஐ.நா. அபிவிருத்தித் திட்டத்தின் பிராந்திய நிலையத்தை மூடும் முடிவும் அறிவிக்கப்பட்டது. 10ஆம் திகதி ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷ நேரில் சென்று நீர் அருந்தச் செய்த பின்னரே மேடை காலியாயிற்று.

ஐ.நா. அலுவலகம் சட்டத்தின் கண்ணில் தூதரகமன்று. அதன் வளாகம் மீறப்படக்கூடாது என்பது 1946ஆம் ஆண்டின் தனியான சமவாயமொன்றிலிருந்து பிறக்கிறது. ஆயினும் கேள்வி ஒன்றே. வாசலை மறித்து, ஊழியர்களின் போக்குவரத்தைத் தடுத்து நின்ற ஒரு மேடை நாட்கணக்கில் அகற்றப்படாமல் இருந்தது ஏன்? சட்டத்தில் அதிகாரம் இல்லாமையால் அன்று. மேடையில் இருந்தவர் அமைச்சர் என்பதால்தான் என்று மக்கள் கருதினால் அவர்களைக் குறைகூற இயலாது.

எளியோரின் பொருட்களுக்கு நேர்ந்ததை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கொவிட் காலத்தில் ஜனாஸாக்கள் பலவந்தமாக எரிக்கப்பட்டபோது, 2020 டிசம்பரில் பிறந்து 20 நாட்களேயான ஒரு முஸ்லிம் குழந்தையின் உடலும் தகனம் செய்யப்பட்டது. பொரளை மயானத்தின் வாயிலில் இன, மத வேறுபாடின்றி மக்கள் வெள்ளைத் துணித் துண்டுகளைக் கட்டினர். ஒரு துண்டுத் துணியால் எவருடைய பாதுகாப்புக்கும் பங்கம் நேராது. ஆயினும் அவை இரவோடிரவாக அகற்றப்பட்டன. எந்தச் சட்டத்தின் கீழ், எவருடைய கட்டளைப்படி என்று கேட்டவர்களுக்கு விடையாக ஒரு காகிதம்கூட இருக்கவில்லை. 2022 ஜூலை 22ஆம் திகதி விடியுமுன், காலிமுகத்திடல் போராட்டக்காரர்கள் ஜனாதிபதி செயலகத்தை அன்று பிற்பகலே கையளிப்பதாக அறிவித்திருந்த நிலையில், படையினர் புகுந்து கூடாரங்களைப் பிடுங்கி எறிந்தனர். இவையிரண்டும் தூதரக வாசலில் நிகழ்ந்தவையல்ல. ஆனால் எழுத்தில் கட்டளையும், முன்னறிவித்தலும், பொறுப்பேற்கும் பெயரும் இல்லாத அகற்றல் எவ்வாறிருக்கும் என்பதை இவற்றிலிருந்து அறிந்துகொள்ளலாம்.

நமது சட்டப் புத்தகத்தில் வழிகள் இல்லாமலில்லை. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவின் கீழ், பொது வழியிலுள்ள தடையையோ தொல்லையையோ அகற்றுமாறு நீதவான் நிபந்தனைக் கட்டளை பிறப்பிக்கலாம். பாதிக்கப்படுபவர் நீதிமன்றில் தோன்றித் தன் நியாயத்தைக் கூறலாம். 106ஆம் பிரிவோ அவசர வேளைக்குரியது. மறுதரப்பைக் கேளாமலே கட்டளை வழங்க அது இடமளிக்கிறது. அக்கட்டளை 14 நாட்களுக்கு மேல் நிலைக்காது. ஆர்ப்பாட்டங்கள் என்று வரும்போது பொலிஸார் அடிக்கடி நாடுவது இந்த இரண்டாவது வழியையே. மறுதரப்பைக் கேட்கும் வழி இருக்க, கேளாத வழி பழக்கமாகிவிட்டது.

அரசியலமைப்பையும் இங்கு கவனிக்க வேண்டும். 14ஆம் உறுப்புரை பேச்சுச் சுதந்திரத்தையும் அமைதியாக ஒன்றுகூடும் சுதந்திரத்தையும் வழங்குகிறது. 15ஆம் உறுப்புரை அவற்றுக்கான கட்டுப்பாடுகளை வரையறுக்கிறது. இந்திய அரசியலமைப்பின் 19ஆம் உறுப்புரையில், 1951ஆம் ஆண்டின் முதலாவது திருத்தம் முதல், 'வெளிநாடுகளுடனான நட்புறவு' பேச்சைக் கட்டுப்படுத்துவதற்கான காரணங்களுள் ஒன்று. நமது 15ஆம் உறுப்புரையில் அத்தகைய சொற்கள் இல்லை. தேசிய பாதுகாப்பு, பொது ஒழுங்கு, பிறருடைய உரிமைகள் போன்றவை உண்டு. ஒரு தூதுவரின் மனக்கசப்பு இல்லை. ஆகவே இலங்கையில் ஒரு பதாகையை அகற்றுவதற்கு 'நட்பு நாடு வருந்தும்' என்பது மட்டும் காரணமாக முடியாது. கட்டுப்பாடு எதுவாயினும் அது சட்டத்தால் விதிக்கப்பட்டதாகவும் இருத்தல் வேண்டும். தொலைபேசியில் வந்த ஓர் உத்தரவு சட்டமாகாது.

அப்படியாயின் செய்ய வேண்டியது யாது? அகற்றும் அதிகாரத்துக்கு, எவரும் படித்தறியக்கூடிய வகையில் வர்த்தமானியில் பிரசுரிக்கப்பட்ட விதிமுறை வேண்டும். வெடிபொருள் ஐயமோ, வாயிலை மறிக்கும் தடையோ இருப்பின் பொலிஸார் உடனே செயற்படலாம். ஏனைய எல்லாப் பொருட்களுக்கும் பொறுப்புவாய்ந்த ஒருவரின் கையொப்பமும் காரணமும் கொண்ட எழுத்துக் கட்டளை அவசியம். அவுஸ்திரேலிய ஒழுங்குவிதியின் குறைகள் பல. ஆயினும் ஓர் அமைச்சர் தன் பெயரைக் காகிதத்தில் இட வேண்டியிருந்ததனாலேயே அம்முடிவை நீதிமன்றத்தில் கேள்விக்குட்படுத்த முடிந்தது. கையொப்பமில்லாத இரவுக்கு எதிராக எந்த நீதிமன்றத்துக்குச் செல்வது?

'தூதரகத்தை அண்டிய' என்பதன் தூரமும் திட்டவட்டமாகக் குறிப்பிடப்பட வேண்டும். காலி வீதியிலும் அதனை அண்டியும் பல தூதரகங்கள் அமைந்துள்ளன. அந்தச் சொற்றொடரை விரித்துக்கொண்டே போனால், தலைநகரில் மக்கள் கூடும் வழமையான இடங்களே தடைக்குள் அடங்கிவிடும். 2018 ஒக்டோபர் 24ஆம் திகதி நாளாந்தச் சம்பளமாக 1000 ரூபா கோரி மலையக இளைஞர்கள் கறுப்புடை தரித்துத் திரண்டது காலிமுகத்திடலிலேயே. அவர்களுக்கும் எந்தத் தூதரகத்துக்கும் பிணக்கில்லை. ஆயினும் எல்லை வகுக்கப்படாத ஓர் அதிகாரம் அவர்களுடைய பதாகைகளையும் ஒருநாள் தொடக்கூடும்.

அகற்றப்பட்ட பொருளை அழிக்காமல், பட்டியலிட்டு உரியவரிடம் மீள ஒப்படைக்க வேண்டும் என்பதும் சிறிய விடயமன்று. வாசலில் வைக்கப்பட்ட புகைப்படம் ஒரு தாயிடம் எஞ்சியிருக்கும் ஒரே படமாக இருக்கக்கூடும். அவ்வாறே, வாசலை மறைக்காத, ஆனால் வாசலிலிருந்து கண்ணுக்குத் தெரியக்கூடிய ஓர் இடம் ஒதுக்கப்பட வேண்டும். தூதரகத்தின் பார்வைக்கு அப்பால் ஒதுக்கப்படும் இடத்தால் போராடுவோருக்குப் பயனில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, விதி அனைவருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். அமைச்சரின் மேடைக்கு ஒரு நீதியும் தொழிலாளியின் பதாகைக்கு வேறொரு நீதியும் இருக்குமாயின், சட்டத்தின் வாசகம் எவ்வளவு செம்மையாயிருந்தும் பயனில்லை.

பாதிக்கப்பட்டவருக்கு உயர் நீதிமன்றம் இருக்கிறதே என்று கூறப்படலாம். 126ஆம் உறுப்புரையின் கீழ் அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். கொழும்பில் சட்டத்தரணியைத் தேடி, நாட்சம்பளத்தை இழந்து, மலையிலிருந்து இறங்கி வர வேண்டிய ஒருவருக்கு அந்த ஒரு மாதம் எவ்வளவு குறுகியது என்பதை நாம் அறிவோம். உரிமை மீறப்பட்ட பின்னர் கிடைக்கும் பரிகாரத்தைவிட, மீறப்படுவதற்கு முன்னரே தெளிவாயிருக்கும் விதியே எளியோருக்குக் காவல்.

வெளிநாட்டு வீடொன்றில் பணிக்குச் சென்று, மாதக்கணக்கில் தகவலற்றுப் போன மகளின் படத்துடன், நானுஓயாவில் இரவு அஞ்சல் புகையிரதம் ஏறும் ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். விடியும் வேளையில் கோட்டைப் புகையிரத நிலையத்தில் இறங்கி, விசாரித்து விசாரித்து ஒரு தூதரகத்தின் வாசலை அடைகிறார். அவருக்கு ஆங்கிலமும் அரபும் தெரியாது. உள்ளே அழைப்பாரும் இல்லை. கொண்டுவந்த படத்தை நடைபாதையோரம் சாத்தி வைக்கிறார். அடுத்து அங்கு வரும் பொலிஸ் உத்தியோகத்தர் என்ன செய்ய வேண்டும் என்பதற்கான விடையை, அவருடைய அன்றைய மனநிலையிடமோ மேலிடத்தின் தொலைபேசியிடமோ விட்டுவிடக் கூடாது. அந்தப் படம் எவருடைய வழியையும் மறிக்கவில்லை. எந்த நாட்டின் கண்ணியத்தையும் அது குறைக்கவும் இல்லை. தன் மகள் எங்கே என்று மட்டும் கேட்கிறது. அக்கேள்வி மாலைவரையேனும் அவ்விடத்தில் இருப்பதற்கு அந்தத் தாய்க்கு உரிமை உண்டு என்று எழுத்தில் சொல்ல இந்நாட்டின் சட்டம் தயங்கக் கூடாது.